நிஃப்டியில் பனியன் கம்பெனி இல்லை

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (பையரோடு, அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவரோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். வயது 36. கணவர் எம்பிராய்டரி யூனிட் வைத்து, பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். நல்ல மாதத்தில் இருவருக்கும் சேர்த்து 85,000 ரூபாய் வரும். வீட்டுக் கடன் 18 லட்சம் பாக்கி, இன்னும் 15 வருடம், தவணை 18,000. தவணையோடு சேர்த்து வீட்டுச் செலவு 50,000 ஆகிறது. நான்கு வருடமாக மூன்று மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதம் 12,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் தொடர் முதலீடு) போகிறது. பழகிய தொழில்தானே என்று ஜவுளிப் பங்குகளில் ஒன்றரை லட்சம் போட்டேன். இன்று அதன் மதிப்பு 1.1 லட்சம். சேமிப்புக் கணக்கில் 60,000 இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டதிலிருந்து ராத்திரி பதினோரு மணி வரை செய்தி சேனல்தான். ட்ரம்ப், ரஷ்ய எண்ணெய், ஜிஎஸ்டி என்று பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. என் அண்ணன், "எஸ்ஐபியை நிறுத்து, எல்லாத்தையும் எடுத்துத் தங்கமா வாங்கிப் போடு" என்கிறார். மார்க்கெட் விழப்போகிறதா? கணவர் கடனில் இன்னொரு மெஷின் வாங்கலாமா என்றும் கேட்கிறார்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு பயம் அல்ல, இரண்டு. மார்க்கெட் என்ன ஆகும் என்பது ஒன்று. கம்பெனியில் ஆர்டர் என்ன ஆகும் என்பது இன்னொன்று. ஒரே செய்தியிலிருந்து கிளம்புவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி.

முதலில் 2025-ல் நடந்ததைத் தேதியோடு பார்ப்போம். ஏப்ரல் 2 அன்று ட்ரம்ப் நம் பொருட்களுக்கு 26% வரி என்று அறிவித்தார். ஏப்ரல் 7, திங்கட்கிழமை, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 2,226 புள்ளிகள் சரிந்து 73,137-ல் முடிந்தது. இரண்டே நாளில், ஏப்ரல் 9 அன்று, அந்த வரியில் பெரும்பகுதி 90 நாளைக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 7-ல் 25% வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25% சேர்ந்தது. அன்று விநாயகர் சதுர்த்தி, சந்தைக்கு விடுமுறை. மறுநாள் சென்செக்ஸ் இறங்கியது சுமார் 700 புள்ளி, ஒரு சதவீதம்கூட இல்லை. முடிந்தது 80,080-ல்.

கவனித்தீர்களா? 26% என்று வாயால் சொன்னபோது 73,000. ஐம்பது சதவீதமாக நிஜமாகவே தலையில் இறங்கியபோது 80,000. ஏப்ரலில் சந்தை பயந்தது திருப்பூருக்காக அல்ல. ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் வரி விழுந்ததால் உலகம் முழுக்க மந்தம் வருமோ என்று பயந்தது. ஆகஸ்டில் அந்தப் பயம் தணிந்திருந்தது. கூடுதல் 25% வருகிறது என்பதும் மூன்று வாரமாகவே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த செய்தி அன்றைக்கே விலையில் ஏறிவிடும். அது அமலுக்கு வரும் நாளில் டிவி கத்துகிற அளவுக்குச் சந்தை கத்தாது.

இன்னொரு காரணம் உங்களுக்குக் கசக்கும். தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியில் உள்ள 50 கம்பெனிகளில் பனியன் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றுகூட இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கியும் நிதி நிறுவனங்களும்தான். நாம் அமெரிக்காவுக்கு 2024-25 நிதியாண்டில் அனுப்பிய பொருட்களின் மதிப்பு சுமார் 8,600 கோடி டாலர். நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். அதிலும் மருந்துக்கும் செல்போனுக்கும் 2025-ல் இந்த வரி விழவில்லை. ஐடி சேவைக்கும் இல்லை. அடி முழுவதும் விழுந்தது திருப்பூர் பனியன், சூரத் வைரம், ஆந்திர இறால் போன்ற, ஆட்களை நம்பி நடக்கும் தொழில்களின் மீது. லட்சக்கணக்கான பேருடைய சோறு அவற்றில் இருக்கிறது. ஆனால் நிஃப்டி எண்ணுவது ஆட்களை அல்ல, சந்தையில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளின் மதிப்பை.

உங்கள் ஊர்க் கணக்கோ வேறு. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20% வரி, நமக்கு 50% என்று ஆனதும் பையர் என்ன கேட்பார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிஸ்கவுன்ட் கேட்கும் மெயில் முதலில் வருவதே உங்கள் மேஜைக்குத்தானே.

ஆக, ஒரு செய்தி வந்தால் "சந்தைக்கு என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லவே மும்பையில் பல ஆயிரம் பேர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் சேனலை மாற்றுவதற்குள் முடித்துவிடுவார்கள். "இது என் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது?" என்று கேளுங்கள். உங்கள் சம்பளம் பனியன். கணவர் வருமானம் பனியன். கையில் இருக்கும் பங்கும் ஜவுளி. ஒரே வாசலில் மூன்று பேரையும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

எனக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 2004 மே மாதம் தேர்தல் முடிவு வந்து, இடதுசாரிகள் ஆதரவில் ஆட்சி என்றதும், மே 17 அன்று சென்செக்ஸ் 11% சரிந்தது. வர்த்தகத்தையே இரண்டு முறை நிறுத்தினார்கள். நாடே முடிந்தது என்று நினைத்து அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் விற்றேன். சென்செக்ஸ் அன்று சுமார் 4,500. அதே வருடம் டிசம்பர் கடைசியில் 6,600. திரும்ப வாங்கியது எந்த விலையில் என்று கேட்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியவை. ஜவுளிப் பங்குகளை விற்றுவிடுங்கள். அவை மோசமான கம்பெனிகள் என்பதால் அல்ல, கம்பெனி பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஆர்டர் குறைந்து சம்பளம் தள்ளிப்போகும் அதே மாதத்தில்தான் அந்தப் பங்கும் விழும், அதுதான் காரணம். நாற்பதாயிரம் நஷ்டம் வலிக்கும். வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை பிற்பாடு வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

எஸ்ஐபி விஷயத்தில் என் சக எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் "எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே" என்பார்கள். பொதுவாக நானும் அந்தக் கட்சிதான். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: 12,000-ஐ 5,000 ஆகக் குறையுங்கள். இதுவரை சேர்ந்திருக்கிற ஃபண்ட் யூனிட்களைத் தொடாதீர்கள். மார்க்கெட் விழும் என்பதற்காக இல்லை. விழுந்தால் எஸ்ஐபிக்கு நல்லதுதான், அதே பணத்துக்கு யூனிட் கூடுதலாக வரும். வேலை போனால் நல்லதல்ல. அறுபதாயிரம் ரூபாய் உங்கள் வீட்டுக்கு ஐந்து வாரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு நீங்களே அந்த யூனிட்களை, பெரும்பாலும் விலை மட்டமான நேரத்தில், விற்க வேண்டிவரும். பங்கு விற்ற 1.1 லட்சம், கையில் உள்ள 60,000, மாதம் மிச்சமாகும் 7,000, இந்தத் தீபாவளி போனஸில் பாதி. இவற்றை வங்கி டெபாசிட்டில் போட்டு வந்தால் அடுத்த தீபாவளி வாக்கில் மூன்று லட்சத்தை நெருங்கும். ஆறு மாதச் செலவு. அதன்பிறகு எஸ்ஐபியைப் பழையபடி ஏற்றுங்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை) 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைத்தது. ட்ரம்ப் அளவுக்கு இதில் சுவாரஸ்யம் இல்லை, விவாத மேடையும் கிடையாது. ஆனால் இது நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த செய்தி. உங்கள் கடன் வங்கிக் கடனாக இருந்து, ரெப்போவோடு இணைந்த மிதக்கும் வட்டியாகவும் இருந்தால், ஒரு சதவீதம் குறைந்திருக்க வேண்டும். பல வங்கிகள் தவணையைக் குறைக்காமல் கடன் காலத்தை மட்டும் சுருக்கிவிட்டு இருந்துவிடும். கிளைக்குப் போய், காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். 18 லட்சத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் மிஞ்சும். வேறு காலமாக இருந்தால் காலத்தைச் சுருக்குவதே லாபம் என்று சொல்லியிருப்பேன். இப்போது உங்களுக்குத் தேவை கையில் காசு.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதும் அப்படி ஒரு வாசல்தான். 2,500 ரூபாய் வரையிலான துணிமணிக்கு இனி 5% வரி. முன்பு ஆயிரம் ரூபாய் வரைதான் அந்தச் சலுகை. உள்நாட்டு பிராண்டுகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு இது உதவும். கணவரின் வேலையில் எத்தனை பங்கு ஏற்றுமதி கம்பெனிகளுடையது, எத்தனை உள்நாட்டுக்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எந்த சேனலிலும் கிடைக்காத தகவல் அதில் இருக்கும்.

அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 2025 ஜனவரியில் பவுன் 57,000 சுமாருக்கு இருந்தது, செப்டம்பரில் 80,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் 2012 இறுதியில் பவுன் ஏறக்குறைய 24,000. 2018-லும் ஏறக்குறைய அதே 24,000. அந்த ஆறு வருடத்தில் எந்த அண்ணனும் தங்கம் வாங்கு என்று சொல்லியிருக்க மாட்டார். வீட்டில் இருக்கிற நகை அவசரத்துக்கு அடகு வைக்க உதவும், இருக்கட்டும். எஸ்ஐபியை உடைத்து, சேதாரமும் 3% ஜிஎஸ்டியும் கொடுத்து, இந்த விலையில் புதிதாக வாங்க வேண்டாம்.

கடைசியாக மெஷின். 2025 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வரிகளில் பெரும்பாலானவை செல்லாது என்று தீர்ப்பளித்தது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது, 2025 செப்டம்பரில் வரி நீடித்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது, அப்போது அமலுக்கு வரவில்லை. ஆக அப்போது நல்லதும் கெட்டதும் இரண்டும் பாதி வழியில் நின்றன. இருக்கிற மெஷினே முழு ஷிஃப்ட் ஓடவில்லை என்றால் இன்னொன்றுக்கு எதற்குத் தவணை? ஒன்றரை ஷிஃப்ட் ஓடி, வேலையைத் திருப்பி அனுப்புகிற நிலை தொடர்ந்து மூன்று மாதம் இருந்தால் அப்போது பேசலாம். மெஷின் விற்கிறவர் தீபாவளி ஆஃபர் முடியப்போகிறது என்று அவசரப்படுத்துவார். பொங்கலுக்கு இன்னொரு ஆஃபரோடு அவரே வருவார்.