இலவச நிமோனியா ஊசி மட்டமா?

'என் மகளுக்கு 6-வது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா தடுப்பூசி போட்டோம். குப்பியில் நியூமோசில் என்று இருந்தது. தனியாரில் இதே நோய்க்கான ஊசிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இலவச ஊசி மட்டமா? அடுத்ததை வெளியே போடலாமா?' என்று கேட்கிறார் ஒரு தாய்.

மாற்ற வேண்டாம். விலை குறைந்த கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு மேலே சர்க்கரைப் போர்வை ஒன்று உண்டு. அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் ஏற்றினால் கைக்குழந்தையின் உடம்பு சரியாகக் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு புரதத்தோடு கோத்துத் தருகிறார்கள். இதில் வம்பு என்னவென்றால், கிருமியில் கிட்டத்தட்ட 100 வகை, வகைக்கொரு போர்வை. பத்து வகைக்கு ஊசி வேண்டுமென்றால் பத்தையும் தனித்தனியே வளர்த்து, சுத்தம் செய்து, கோத்து, சோதித்த பிறகே ஒன்றாகக் கலக்க முடியும். காசு கரைவது இங்கேதான்.

நியூமோசிலைத் தயாரித்தது புனேயின் சீரம் நிறுவனம். பாத் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கூட நின்றது. 2010-இல் ஆப்பிரிக்காவுக்கு அரை டாலருக்கும் குறைவான விலையில் மூளைக்காய்ச்சல் ஊசி தந்த அதே கூட்டணிதான். ஆய்வுச் செலவில் கேட்ஸ் அறக்கட்டளை கைகொடுத்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குழந்தைகளை அதிகம் தாக்கும் வகைகளாகப் பார்த்துப் பத்தைப் பொறுக்கினார்கள். ஒரு குப்பியில் 5 டோஸ் அடைத்ததிலும் செலவு குறைந்தது. காம்பியாவில் 2,250 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஏற்கெனவே புழக்கத்திலிருந்த பன்னாட்டு ஊசிக்கு இது சளைக்கவில்லை. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றும் கிடைத்தது.

தனியாரில் பல காலமாகப் போடும் 13 வகை ஊசியில் 3, 4, 18சி ஆகிய வகைகள் கூடுதலாக உண்டு. மறைப்பதற்கில்லை. ஆனால் அதிலும் 3-ஆம் வகைக்கு எதிரான பாதுகாப்பு சுமார்தான். அதற்காக நடுவில் பிராண்டை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆரம்பித்த ஊசியிலேயே முடிப்பது நல்லது. அது கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் மற்றதைப் போடுங்கள், டோஸைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது 14-வது வாரத்தில். அப்புறம் 9 மாதத்தில், தட்டம்மை ஊசியோடு பூஸ்டர். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். புதன்கிழமை அட்டையோடு போங்கள். தொடையில் ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் சிவந்து வீங்கலாம்; அதில் தைலம் எதுவும் வேண்டாம், தானே சரியாகிவிடும்.