பட்டர் டீ குடிச்சிட்டு வந்து ரத்தம் குடுக்காதீங்க

இந்த மாசம் வந்த கடுதாசில பாதி பேலியோ சாப்பாட்டப் பத்தித்தான். சோறு, இட்லி, பரோட்டாவ விட்டுட்டு முட்டை, கறி, பாதாம், பன்னீர்னு மாறுனவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், ரத்தத்துல என்னென்ன பாக்கணும், வந்த ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கணும். மதுரையில 26 வருஷம் லேபுல ரத்தம் எடுத்தவ நான், கண்ணால பாத்தத சொல்றேன். மருந்து மாத்திரைய மாத்துறது மட்டும் உங்க டாக்டர் வேலை.

எனக்கு 38 வயசு, எடை 81 கிலோ, அம்மாவுக்கு சுகர் இருக்கு. அடுத்த மாசம் பேலியோ ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா, மூணு மாசம் கழிச்சு எடுத்தா போதாதா? 80 டெஸ்ட் பேக்கேஜ் இருக்குங்கறாங்க, அது வேணுமா?
— வாசகி, உசிலம்பட்டி

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துருங்கம்மா, தள்ளிப் போடாதீங்க. மூணு மாசம் இருந்து 9 கிலோ குறைச்சிட்டு ஆசையா வருவாங்க, ட்ரைகிளிசரைட்ஸ்ங்கற ரத்தக் கொழுப்பு 140னு வரும், முன்னாடி எவ்வளவுன்னு கேட்டா தெரியாதும்பாங்க, அது 300ல இருந்து எறங்குச்சா இல்ல 90ல இருந்து ஏறுச்சான்னு யாரால சொல்ல முடியும்?

80 டெஸ்ட் வேணாம். வெறும் வயித்து சுகர், மூணு மாச சராசரி சுகரக் காட்டுற எச்பிஏ1சி, ரத்தக் கொழுப்புக்கு லிபிட் ப்ரொஃபைல், லிவருக்கு எஸ்ஜிபிடி, கிட்னிக்கு கிரியேட்டினின், யூரிக் ஆசிட், தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபினோட முழு ரத்த கவுண்ட், இதோட ஃபாஸ்டிங் இன்சுலின். இந்தக் கடைசி டெஸ்ட் நெறைய பேக்கேஜ்ல இருக்காது, வாயத் திறந்து கேட்டுத்தான் வாங்கணும். உங்கள மாதிரி அம்மாவுக்கு சுகர் இருக்கறவங்களுக்கு இதத்தான் நான் மொதல்ல சொல்வேன், ஏன்னா சுகர் நம்பர் நல்லா இருக்குறப்பவே அத நல்லா வச்சிருக்க உடம்பு ரெண்டு மடங்கு மூணு மடங்கு இன்சுலின ஊத்திக்கிட்டு இருக்கும், அது வெளிய தெரியாது. சுகரையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல வகுத்துப் பாருங்க, அதுக்கு ஹோமா ஐஆர்னு பேரு, இன்சுலின் பேச்ச உடம்பு எவ்வளவு கேக்காம இருக்குன்னு அது காட்டும். சுகர் 104, இன்சுலின் 16னா 4.1 வருது, அது அதிகம். மூணு மாசம் கழிச்சு 94, 7னு ஆச்சுன்னா 1.6, அப்ப உடம்பு சொன்ன பேச்சு கேக்குதுன்னு அர்த்தம்.

ஹீமோகுளோபின் எதுக்குன்னு கேப்பீங்க. நம்மூரு பொம்பளைங்களுக்கு ரத்தசோகை ஜாஸ்தி, இரும்புச்சத்து கம்மியா இருந்தா எச்பிஏ1சி இருக்கறதவிடக் கூடுதலாக் காட்டும். எச்பிஏ1சி 5.7க்குக் கீழ இருந்தா சரி, 6.5 தொட்டா சுகர் வியாதி, நடுவுல இருந்தா ஓரத்துல நிக்கிறோம். ஓரத்துல வந்துச்சுன்னா ஹீமோகுளோபினையும் சேத்துப் பாத்துட்டு அப்புறம் கவலப்படுங்க.

அப்புறம் காசில்லாத டெஸ்ட் ஒண்ணு, இஞ்சு டேப் எடுத்து தொப்புள் பக்கம் சுத்தி அளந்து டைரில எழுதி வைங்க. நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா எச்சரிக்கை.

வயசு 43. ஆறு வாரமா பேலியோ, 7 கிலோ குறைஞ்சிருக்கேன். ஆரம்பத்துல மொத்த கொலஸ்ட்ரால் 198, நல்ல கொலஸ்ட்ரால் எச்டிஎல் 36, ட்ரைகிளிசரைட்ஸ் 210, கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 120. இப்ப மொத்தம் 236, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைட்ஸ் 95, எல்டிஎல் 175! வெறும் வயித்து சுகரும் 97ல இருந்து 104 ஆயிருச்சு. வீட்டுல ஒரே அழுகை, நிறுத்திரவா?
— வாசகர், திருநகர்

அண்ணே, மொதல்ல வீட்டம்மாவ உக்காரவச்சு நல்லதச் சொல்லுங்க. ட்ரைகிளிசரைட்ஸ் 210ல இருந்து 95 ஆகியிருக்கு, எச்டிஎல் 40 தாண்டிருச்சு, இந்த ரெண்டும்தான் மாவுச்சத்தக் குறைச்சா மொதல்ல அசையும்.

இப்ப எல்டிஎல். நெறைய லேபுல எல்டிஎல்ல நேரா அளக்கறதில்ல, மொத்தத்துல இருந்து எச்டிஎல்லயும் ட்ரைகிளிசரைட்ஸ்ல அஞ்சுல ஒரு பங்கையும் கழிச்சு வர்றதுதான் அந்த நம்பர். உங்களுக்கே போட்டுப் பாருங்க, 236ல 42 போச்சு, 19 போச்சு, 175. கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா நீங்க எடுத்த நேரந்தான் சரியில்ல. எடை மளமளன்னு எறங்குற சமயத்துல சேத்து வச்ச கொழுப்பு ரத்தம் வழியாத்தான் வெளிய வருது, அப்ப கொலஸ்ட்ரால் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். எடை ஒரு எடத்துல நின்னு ரெண்டு மாசம் ஆனப்புறம் எடுங்க.

அதுக்காக பேலியோல எல்டிஎல் ஏறுனா ஒண்ணும் இல்லைன்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, நான் அத ஒத்துக்கமாட்டேன். எடை நின்னப்புறமும் 175 அப்படியே இருந்தா ஏபோ பிங்கற டெஸ்ட் எடுங்க, கொழுப்பச் சொமந்துக்கிட்டு ரத்தக்குழாய்ல போற வண்டி எத்தனைன்னு அது சொல்லும். அதுவும் அதிகமா வந்தா வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெயக் குறைச்சு மீன், பாதாம், நல்லெண்ணெய் பக்கம் வாங்க, வறுத்த ஈரலும் குடலும் தெனம் வேணாம். எல்டிஎல் 190க்கு மேல போனாலோ, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தாலோ ரெண்டு மாசம்லாம் காத்திருக்கக் கூடாது, அந்த வாரமே டாக்டரப் பாத்துரணும்.

சுகர் 104 ஆனதுக்குக் காரணம் உண்டு. மாவுச்சத்து கம்மியானா சதை கொழுப்ப எரிச்சுக்கிட்டு சக்கரைய மூளைக்கு விட்டுக்குடுக்கும், விடியக்காலையில லிவர் தன் பங்குக்கு சக்கரைய எறக்கும், அதனால வெள்ளன எடுத்தா 100, 105னு நிக்கிறது உண்டு. எச்பிஏ1சி 5.5க்குள்ள இருந்து இன்சுலினும் கம்மியா இருந்தா பயப்பட வேணாம், ஆனா எச்பிஏ1சியும் கூடவே ஏறுனா அது வேற கதை.

எடுத்த விதத்தையும் யோசிச்சுப் பாருங்க. ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு அண்ணே வந்தாரு, ட்ரைகிளிசரைட்ஸ் 290. சாப்பிட்டீங்களான்னு கேட்டா வெறும் டீ தான்மா குடிச்சேன்னாரு, அதுல ரெண்டு ஸ்பூன் வெண்ணெய்! அடுத்த வாரம் பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வரச் சொன்னேன், 130 வந்துச்சு. அன்னைக்கு நான் கேக்காம ரிப்போர்ட்டக் குடுத்திருந்தா அந்த மனுசன் பயந்துபோய் எல்லாத்தையும் விட்டுருப்பாரு. ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பிட்டுட்டு காலையில ஏழெட்டு மணிக்கு வாங்க. தண்ணி தாராளமாக் குடிங்க, காப்பி டீ எதுவும் வேணாம். விரதம்னு 18 மணி நேரம் பட்டினி கெடந்துட்டும் வராதீங்க, மொத நாள் ஜிம்ல வெயிட் தூக்கிட்டும் வராதீங்க, லிவர் டெஸ்டு சும்மாவே ஏறிரும். சளி காச்சல் இருந்தா ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க லேபுல சொல்லிருங்க, தைராய்டு ரிசல்ட்டையே அது பொரட்டிப் போட்டுரும்.

பேலியோ ஆரம்பிச்சு மூணு வாரத்துல யூரிக் ஆசிட் 5.8ல இருந்து 7.9 ஆயிருச்சு. கறிய விட்டுறணுமா?
— வாசகர், சோழவந்தான்

ஆரம்பத்துல ஏறத்தான் செய்யும் தம்பி. கொழுப்பு எரியறப்ப உண்டாகுற அமிலந்தான் கீட்டோன், அதுவும் யூரிக் ஆசிடும் கிட்னியில ஒரே வாசல் வழியா வெளிய போகணும், கீட்டோன் முந்திக்கிரும். பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிரும். நம்மூரு வெயிலுக்கு நல்லாத் தண்ணி குடிங்க. கால் கட்டைவிரல் வீங்கி வலிச்சா மட்டும் உடனே டாக்டர்.

அப்பாவுக்கு 61 வயசு, 12 வருஷமா சுகர். கிளிமிபிரைடு, டபாகிளிஃப்ளோசின் ரெண்டு மாத்திரையும் போடுறாரு. அவரையும் பேலியோக்கு மாத்தி ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு மாத்திரைய நிறுத்தலாமா?
— வாசகி, மேலூர்

அவசரப்படாதம்மா. டாக்டரப் பாக்காம நாளைக்கு சோத்த நிறுத்தவும் கூடாது, மாத்திரையத் தானா நிறுத்தவும் கூடாது. கிளிமிபிரைடு சாப்பாடு இருக்கோ இல்லையோ இன்சுலினப் பிழிஞ்சு எடுக்குற மாத்திரை, சோத்தக் கொறச்சிட்டு அதே டோஸ் போட்டா சுகர் படக்குன்னு எறங்கி மயக்கம் வந்துரும். டபாகிளிஃப்ளோசின் சக்கரைய ஒண்ணுக்கு வழியா வெளியேத்துற மாத்திரை, அத மாவுச்சத்தே இல்லாத சாப்பாட்டோட சேத்தா ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து இருக்கு, அதுலயும் கொடுமை என்னன்னா அப்ப சுகர் 180, 200ன்னு சாதாரணமாத்தான் காட்டும், மெஷின்ல பாத்துட்டு நல்லாத்தான இருக்குன்னு வீட்டுல விட்டுருவாங்க.

அதனால மொதல்ல டாக்டர்கிட்ட போய் இந்த மாதிரி சாப்பாடு மாத்தப் போறோம்னு சொல்லுங்க, அவரு டோஸ மாத்திக் குடுத்தப்புறம் ஆரம்பிங்க, கிரியேட்டினினும் ஒண்ணுக்குல ஆல்புமின்ங்கற புரதமும் முன்னாடியே பாத்துருங்க. மொத ரெண்டு வாரம் வீட்டுல ஒரு நாளைக்கு மூணு வேளையாவது விரல்ல குத்திப் பாருங்க. அப்பாவுக்கு வாந்தி, வயித்து வலி, மேல்மூச்சு வாங்குதுன்னா சுகர் நம்பரப் பாத்துக்கிட்டு நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் கீட்டோன் பாக்கச் சொல்லுங்க, மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.