சனிக்கிழமைச் சேவை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். கூடவே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பையும் பல வருடமாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் மகள் பிலிப்பைன்ஸில் தாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். நீங்கள் அதே நாட்டில் இலோயிலோ நகரில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதுவதையெல்லாம் அவள்தான் எனக்கு அனுப்பி வைப்பாள்.

அவள் தங்கியிருக்கும் பகுதிக்கு சனிக்கிழமைகளில் ஒரே நிற டீ-சர்ட் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்களாம். சாக்கடை அள்ளுகிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள், பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். விசாரித்தால், இது சட்டப்படி உள்ள பயிற்சி, முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது என்றார்களாம்.

இங்கே என் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஏழு நாள் முகாமுக்கு ஐம்பது பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேருடைய பாட்டி இறந்துவிடுவார். நாமும் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினால் என்ன? பத்து மரம் நட்டால்தான் அங்கே பட்டம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதுவும் இதில் சேர்ந்ததுதானா? இதற்கு மதிப்பெண் உண்டா? நேரம் இருந்தால் விரிவாக எழுதுங்கள்.

கே.
விருதுநகர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

பாட்டிகள் விஷயத்தில் பிலிப்பைன்ஸ் ஒன்றும் விதிவிலக்கில்லை. அங்கேயும் சனிக்கிழமை காலையில் பாட்டிகளுக்கு ஆபத்துதான்.

முதலில் மரக் கதையை முடித்துவிடலாம். பட்டம் வாங்க ஒவ்வொரு மாணவரும் பத்து மரம் நட வேண்டும் என்ற மசோதா 2019 மே மாதம் அந்நாட்டின் கீழவையில் நிறைவேறியது உண்மை. ஆனால் அது மேலவையான செனட்டைத் தாண்டவில்லை, சட்டமாகவும் இல்லை. உலகப் பத்திரிகைகள் பலவும் சட்டமே வந்துவிட்டதுபோல எழுதிவிட்டன. வருடா வருடம் யாராவது ஒருவர் அதைத் தூசி தட்டி நமக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகள் பார்த்தது வேறு. தேசியச் சேவைப் பயிற்சித் திட்டம், சுருக்கமாக என்.எஸ்.டி.பி. குடியரசுச் சட்டம் 9163. அன்றைய அதிபர் குளோரியா மகபகல் அரோயோ 2002 ஜனவரியில் கையெழுத்திட்டது. பட்டப்படிப்பிலோ இரண்டாண்டுத் தொழிற்படிப்பிலோ சேரும் ஆணும் பெண்ணும் இரண்டு பருவம் இதைப் படிக்க வேண்டும். பருவத்துக்கு 54 மணிநேரத்துக்குக் குறையாமலும் 90க்கு மேற்படாமலும். மூன்று பிரிவுகள் உண்டு, ஒன்றை எடுத்தால் போதும். ஆர்.ஓ.டி.சி என்கிற இராணுவப் பயிற்சி, எல்.டி.எஸ் என்கிற எழுத்தறிவுப் பணி, சி.டபிள்யூ.டி.எஸ் என்கிற பொதுநலப் பணி. பெரும்பாலான பிள்ளைகள் கடைசியைத்தான் எடுக்கிறார்கள். டீ-சர்ட் கூட்டம் அதுதான்.

நீங்கள் 'சட்டம் போட்டால் என்ன' என்று கேட்கிறீர்கள். அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்பீர்கள். அது கட்டாயத்தைக் கொண்டுவர வந்த சட்டமல்ல, ஏற்கெனவே இருந்த கட்டாயத்தைத் தளர்த்த வந்தது. அதற்கு முன்பு கல்லூரி ஆண்பிள்ளைகளுக்கு நடைமுறையில் ஒரே வழிதான்: இரண்டு வருடம் வார இறுதி வெயிலில் ஆர்.ஓ.டி.சி அணிவகுப்பு. கட்டாயம் இருக்கும் இடத்தில் பேரமும் வந்துவிடும் அல்லவா? மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் வெல்சன் சுவா என்ற மாணவர், தன் பயிற்சிப் பிரிவில் நடந்த பண முறைகேடுகளை 2001 தொடக்கத்தில் மாணவர் பத்திரிகை மூலம் வெளியே கொண்டுவந்தார். அந்த மார்ச்சில் அவர் உடல் கம்பளத்தில் சுற்றப்பட்டுப் பாசிக் ஆற்றில் மிதந்தது. நாடெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஜனவரியில் சட்டம் 9163 வந்தது. இராணுவப் பயிற்சி மூன்றில் ஒன்றாக, விரும்பினால் எடுக்கலாம் என்பதாக ஆனது.

எனவே அங்கே இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சேவை பற்றிப் பேசுவதற்கு முன் ஆர்.ஓ.டி.சி பற்றித்தான் பேசுவார்கள். அதைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் ஓயவேயில்லை. 2022இல் அதிபர் மார்கோஸ் ஜூனியர் தன் முதல் ஆண்டு உரையிலேயே மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அது வேண்டும் என்றார். அந்த டிசம்பரில் கீழவை என்.எஸ்.டி.பி.க்குப் பதிலாக வேறொரு கட்டாயப் பயிற்சி மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. செனட்டில் அது இழுபறியாகிவிட்டது. இந்தச் சண்டையில் ஒரு கேள்வி யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது: பிள்ளைகள் போய் இறங்கும் ஊருக்கு இதனால் என்ன ஆயிற்று?

இலோயிலோவில் நான் குடியிருந்த பரங்காயில் (நம் வார்டு மாதிரி, அங்குள்ள ஆட்சி அமைப்பில் கடைசிப் படி) பருவத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகள் வரும். வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் ஒரு ஃபிளெக்ஸ். அதை அங்கே 'தார்ப்' என்பார்கள். கல்லூரி முத்திரை, பாடப் பிரிவு, பரங்காய் தலைவரான கபிதானின் சிரித்த முகம். அப்புறம் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் பிரார்த்தனை, தேசியகீதம், கபிதானின் உரை. வருகைப் பதிவேடு கைமாறும். ஒரு பெண் பிள்ளை போனை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படம் எடுக்கும், ஏனென்றால் படம் ஒட்டிய அறிக்கைக்குத்தான் மதிப்பீடு. மத்தியானத்துக்கு முன்னால் மெரியெண்டா, அதாவது சிற்றுண்டி. கடைசியில் கபிதானுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். கபிதான் அலுவலகச் சுவரில் அவற்றுக்கு இடம் போதாமல் நாற்காலி மேல் அடுக்கி வைத்திருந்தார். சேவை செய்தவர்கள் சேவை பெற்றவருக்குச் சான்றிதழ் கொடுக்கும் இந்த வழக்கம் எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

நக்கல் அடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஜீப்னி (அங்குள்ள சிற்றுந்து) காசும் டீ-சர்ட் காசும் சொந்தப் பையில் இருந்து போட்டு வருகிறார்கள். சாக்கடையில் இறங்கச் சொன்னால் இறங்குகிறார்கள். கோளாறு கணக்கில் இருக்கிறது. சட்டம் எண்ணுவது மாணவரின் மணிநேரத்தை. அவர் வந்தாரா, 54 நிறைந்ததா? போன பருவத்துக் கல்லூரி இதே சாக்கடையைத்தான் அள்ளியதா என்பதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

இது எங்கே போய் முடிகிறது என்பதற்கு சதுப்புநிலத்தில் கன்று நடுவதைச் சொல்லலாம். தீவு நாடு, புயல் நாடு. 2013 நவம்பரில் ஹையான் புயல் தக்ளோபானைத் துடைத்துப் போட்ட பிறகு, கடலோரத்தில் அலையாத்திக் காடு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. அதனால் சி.டபிள்யூ.டி.எஸ் பட்டியலில் அலையாத்தி நடவு தவறாமல் இருக்கும். நடுவது பெரும்பாலும் பக்காவான், நாம் சுரபுன்னை என்கிறோமே, அந்த இனம். அதன் முளைக்குருத்து முருங்கைக்காய்போல நீளமாக இருக்கும். நாற்றங்கால் வேண்டாம், பை வேண்டாம். சேற்றில் குத்திவிட்டால் நேராக நிற்கும். இருநூறு பேர் இரண்டு மணிநேரத்தில் பல ஆயிரம் குத்திவிடலாம், வரிசை பிசகாமல். படத்துக்கும் நன்றாக இருக்கும்.

பிழைக்குமா? பிரிமவேரா என்ற கடலறிவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து 2008இல் பிலிப்பைன்ஸ் முழுக்க நடந்த அலையாத்தி நடவுகளை ஆராய்ந்து எழுதினார். நீண்டகால அளவில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம். காரணம், தப்பான இடத்தில் தப்பான இனம். திறந்த கடல்முகத்தில், அலை நேரடியாக அறையும் மணலில், பக்காவான் இயல்பாக முளைக்காது. அங்கே முதலில் கால் ஊன்றுவது புங்கலோன், பகத்பத் என்ற வேறு இரண்டு அலையாத்தி இனங்கள். இவற்றின் விதைகள் சிறியவை, நாற்று வளர்த்துக் கொண்டுவர வேண்டும், அது ஒரு சனிக்கிழமை வேலை இல்லை. பக்காவானோ நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து, கொட்டலசு என்ற சிப்பி மாதிரியான கடலுயிர் ஒட்டி, ஒரு பருவக்காற்றில் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

சரி, ஏன் கடல்முகத்திலேயே போய் நடுகிறார்கள்? அலையாத்தி உண்மையில் வளர வேண்டிய மேட்டுச் சேற்று நிலமெல்லாம் பங்கூஸ் மீன் வளர்க்கும் குளங்களாகிவிட்டது. பலதும் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன, ஆனால் குத்தகை யார் பெயரிலோ இருக்கிறது. அங்கே கை வைத்தால் வழக்கு வரும். கடல்முகம் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனவே பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறார்கள். அடுத்த வருடம் வேறு கல்லூரி, அதே இடம், புதுக் குருத்து. இரண்டு கல்லூரிக்கும் மணிநேரம் சரியாக நிறைந்துவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நடவுக்கு வேண்டிய வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, எந்த நேரத்தில் வரும் என்பதை நிலா முடிவு செய்கிறது. கல்லூரி அட்டவணை சனிக்கிழமை காலை எட்டு மணி என்கிறது.

இலோயிலோ நகருக்குப் பக்கத்தில் லெகானெஸ் என்ற ஊரில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். உள்ளாட்சி முன்வந்து, கைவிடப்பட்ட மீன்குளத்தைத் திரும்பக் காடாக்கினார்கள். பிரிமவேராவின் குழு கூட நின்றது. இடத்துக்கு ஏற்ற இனத்தைப் பார்த்து நட்டார்கள். அங்கேயும் மாணவர்கள் போனார்கள். ஆனால் எங்கே, எதை, எப்போது நடுவது என்பதை அந்த இடம் முடிவு செய்தது. இப்போது அங்கே பலகைப் பாதை போட்டுக் காட்டுக்குள் நடந்து போகலாம்.

எழுத்தறிவுப் பிரிவைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான், குறைவாக எடுக்கப்படுவதும் அதுதான். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தும் பீசா சோதனையில், 2018இல் வாசிப்பில் பிலிப்பைன்ஸ் 79 நாடுகளில் கடைசி. தேவை இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது. ஒரே பிள்ளையோடு ஒரே அக்கா வாரா வாரம் உட்கார்ந்தால் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, ஆனால் அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும். 2023இல் சமூகநலத் துறை 'தாரா, பாசா' என்று ஒரு திட்டம் தொடங்கியது, 'வா, வாசி' என்ற மாதிரி. ஏழைக் குடும்பத்துக் கல்லூரி மாணவர்கள், வாசிக்கத் தடுமாறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது நாள் கற்பிப்பார்கள். அதற்கு அந்தப் பகுதியின் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் பணம் உண்டு. சேவைக்குக் கூலியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. காசு கொடுக்கும்போது, வேலை நடந்ததா என்று கேட்க ஓர் ஆள் வந்துவிடுகிறார்.

திட்டத்தை முடித்தவர்களுக்கு ஒரு வரிசை எண் தருவார்கள். பொதுநல, எழுத்தறிவுப் பிரிவுகளை முடித்தவர்கள் தேசியச் சேவைச் சேமப்படை என்ற பட்டியலில் சேருவார்கள். பேரிடர் வந்தால் அழைக்கலாம் என்பது ஏற்பாடு. யோசனை நல்லது. நான் பேசிப் பார்த்தவர்களில் அந்த எண்ணை நினைவு வைத்திருந்தவர் யாருமில்லை, அழைப்பு வந்தவரும் யாருமில்லை. ஆனால் வெள்ளம் வந்தபோது அதே ஆட்கள் அரிசி மூட்டையோடு தானாகப் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் முகாமுக்கு வருகிறேன். நம் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணிநேரம் என்று நாமும் மாணவர் பக்கத்துக் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம். கட்டாயமாக்கினால் உங்களுக்கு ஐம்பது பேருக்குப் பதில் ஐந்நூறு பேர் கிடைப்பார்கள். அந்த ஐந்நூறு பேரை எங்கே இறக்குவீர்கள்? அவர்களுக்கும் மண்வெட்டி எடுத்துக் கொடுத்து, பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு, ஃபிளெக்ஸ் அடித்து... உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்துக்குக் காத்திருக்காமல் உங்கள் அதிகாரத்திலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வருடா வருடம் ஊர் மாற்றாதீர்கள். ஒரே ஊருக்கு ஐந்து வருடம் போங்கள். என்ன வேலை என்பதை முகாமுக்கு முந்தைய மாதம் அந்த ஊரிடமே கேளுங்கள், நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் இன்னும் நல்லது. போன வருடம் செய்தது என்ன ஆயிற்று என்று பார்ப்பதுதான் இந்த வருட முகாமின் முதல் நாள் வேலை என்று வையுங்கள். இதற்குப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அறிக்கையில் மட்டும் கொஞ்சம் அசடு வழியும்: 'சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை இல்லை' என்று எழுத வேண்டி வரலாம்.

மதிப்பெண் கேட்டிருந்தீர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.டி.பி. மதிப்பெண் மொத்தச் சராசரியில் சேராது. ஆனால் முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது. அதனால் முதலாண்டில் தட்டிக் கழித்துவிட்டு, கடைசி வருடம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் டீ-சர்ட் மாட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். மகளிடம் கேளுங்கள், அவளும் பார்த்திருப்பாள்.

அன்புடன்