நீட்டிக்கத்தானே போகிறார்கள், ஓடும் ரயிலை ஏன் நிறுத்த வேண்டும்?

லைட் ரெயில் என்பது நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓடும், பெட்டிகள் குறைவான ரயில். கனடாவின் ஒட்டாவாவில் 2001-ல் தொடங்கிய டிரில்லியம் பாதை அப்படி ஒன்று. 8 கிலோமீட்டர், 5 நிலையங்கள், அவ்வளவுதான். தெற்கே லைம்பேங்க் வரைக்கும், ஒரு கிளையை விமான நிலையத்துக்கும் நீட்டிப்பதற்காக 2020 மே மாதம் அதை மொத்தமாக மூடினார்கள்.

புதுத் தண்டவாளம் வேறு இடத்தில்தானே, பழையதை ஏன் மூடணும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் இது பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் ரயில்கள் சில இடங்களில் மட்டும்தான் விலகிப் போக முடியும், அதனால் ரயில்களைக் கூட்ட வேண்டுமென்றால் அந்த விலகும் இடங்களையும் சிக்னலையும் மாற்றியாக வேண்டும், நீளமான ரயில் வருவதால் பழைய நடைமேடைகளையும் நீட்ட வேண்டும். எல்லாமே ரயில் ஓடுகிற அதே இடத்தில் செய்யும் வேலை.

வீட்டில் ஒரே மாடிப்படி இருக்கிறது, அதை அகலமாக்கணும் என்று வையுங்கள். ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கொத்தனார் எங்கே நிற்பார்? இரட்டைப் பாதை என்றால் ஒன்றை மூடி இன்னொன்றில் ஓட்டிப் பார்க்கலாம், இங்கே அந்த வசதி இல்லை.

மூடிய காலத்தில் பயணிகளுக்கு மாற்றுப் பேருந்துதான். இரண்டு வருடம் என்று சொன்னது நாலரை வருடத்துக்கு மேல் இழுத்தது, தினமும் இந்த ரயிலை நம்பியிருந்த கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அது ரொம்பப் பெரிய காலம்.

இவ்வளவு நாள் மூடினால் பாதையையே கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: 2025 ஜனவரி 6 அன்று இது மறுபடி ஓட ஆரம்பித்தது, இப்போது 11 நிலையங்களோடு.