வெயிலும் வேண்டும், பாரமும் வேண்டும்: எலும்பு பற்றி நீங்கள் கேட்டவை

சேலத்தில் பல வருடங்களாக இயன்முறை சிகிச்சை அளித்து வருகிறேன். இடுப்பெலும்பு முறிந்தவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் வேலையில் பாதி. வைட்டமின் டி, எலும்பு, உடற்பயிற்சி பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

அம்மாப்பேட்டை நெசவாளர்: தினமும் காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் வெயிலில் நிற்கிறேன். ஆனாலும் வைட்டமின் டி 11 என்று ரிசல்ட் வந்திருக்கிறது. எப்படி அக்கா?

தம்பி, இளவெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் வைட்டமின் டி அநேகமாகக் கிடைக்காது. தோலில் அதை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் அந்தக் கதிரைப் பெரும்பாலும் ஓசோன் படலமே வாங்கிக்கொள்கிறது. உங்கள் நிழலைப் பாருங்கள்: அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால்தான் பயன். நம் ஊரில் ஏறக்குறைய பத்து மணிக்கு அப்படி ஆகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்திருப்பீர்கள். டீ குடிக்க வெளியே வரும்போது முகத்திலும் கைகாலிலும் வெயில் படும்படி இருபது நிமிடம் நில்லுங்கள். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்படும். சித்திரை வெயிலில் மட்டும் தோல் எரிகிற அளவுக்குப் போக வேண்டாம். 20க்குக் கீழே போனாலே பற்றாக்குறை, உங்களுக்கு 11. அதனால் வெயிலை மட்டும் நம்பாமல் மருத்துவரையும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி: ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதுமா?

போதாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

குகை: அம்மாவுக்கு 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் எழுதிக் கொடுத்தார்கள். தெரியாமல் தினமும் ஒன்று கொடுத்துவிட்டேன். பத்து நாள் ஆகிறது.

உடனே நிறுத்துங்கள். அது வழக்கமாக வாரத்துக்கு ஒன்று. இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் உடம்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிகத் தாகம் வரும், சிறுநீரகமும் கெடும். அம்மா நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கால்சியம் பரிசோதனை எடுக்கச் சொல்வார். பயந்துகொண்டு மறைக்காதீர்கள்.

ஏற்காடு, காபித் தோட்டம்: நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்கி வேலை செய்கிறேன். ஆனாலும் இடுப்பும் தொடையும் வலிக்கிறது. எலும்புத் தேய்மானமா?

தங்கச்சி, தேய்மானம் என்று எல்லாரும் சொல்லும் எலும்புப்புரை, முறியும் வரை பெரும்பாலும் வலிக்காது. வலிப்பது வேறு ஒன்றாக இருக்கலாம். வைட்டமின் டி வெகுநாள் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாமல் அது மென்மையாகிவிடும். அப்போது இடுப்பு, தொடை, விலா வலிக்கும், உட்கார்ந்து எழுவதே கஷ்டமாகும். மலையில்தான் இருக்கிறீர்கள், ஆனால் சில்வர் ஓக் நிழலில், முழுக்கைச் சட்டை போட்டு, பாதி நாள் பனிமூட்டத்தில். எலும்பு மென்மையாவதைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். கீழே இறங்கும்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சூரமங்கலம்: மாத்திரை மட்டும் போட்டால் எலும்பு முறியாமல் இருக்குமா?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2022இல் வந்த முடிவு: எலும்பு முறிவு குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குப் பற்றாக்குறை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறை உள்ளவருக்கு மாத்திரை மருந்து. குறை இல்லாதவருக்கு அது எலும்பைக் கூடுதலாகக் கட்டித் தராது.

வைட்டமின் டி, குடலிலிருந்து கால்சியத்தை உள்ளே எடுத்துத் தருகிறது. செங்கல் வந்து இறங்கியாயிற்று, சரி. எங்கே அடுக்குவது என்று எலும்புக்குச் சொல்வது பாரம். பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையில் எலும்பு தடித்திருக்கும். எடையே இல்லாத விண்வெளியில் மாதத்துக்கு ஒரு விழுக்காடு அளவில் இடுப்பெலும்பு கரைகிறது.

ஐந்து ரோடு: அப்படியானால் தினமும் நடந்தால் போதுமா? எனக்கு 62 வயது.

நடப்பதை விடாதீர்கள் அம்மா. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் எலும்பு பழகிய பாரத்தைக் கண்டுகொள்ளாது. ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பெக் என்ற ஆய்வாளரின் குழு, மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒரு பிரிவினர் வாரம் இரு முறை, அரை மணி நேரம், கனமான எடை தூக்கி, குதித்து இறங்கவும் செய்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய மூன்று விழுக்காடு கூடியது. மற்றப் பிரிவில் குறைந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. "வயசாச்சு, கனம் தூக்காதே" என்று எத்தனை அம்மாக்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்!

ஒன்று மறக்கக் கூடாது: அது பயிற்றுநர் பக்கத்தில் நின்று, சிறிய எடையில் தொடங்கிச் செய்தது. வீட்டில் திடீரென்று குடத்தைத் தூக்க வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: மகளுக்கு 13 வயது. ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறேன், கால்சியம் கிடைக்குமா?

ஜவ்வரிசி நம் ஊர்ப் பெருமை, ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்துதான். ராகிக் களி கொடுங்கள், நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவு கால்சியம் உண்டு. பாலும் மோரும் இருக்கட்டும். அதைவிட, இந்த வயதில் எலும்பு சேர்வது போல் இனி எப்போதும் சேராது. டியூஷனுக்கு முன்னால் கால் மணி நேரம் நொண்டியோ ஸ்கிப்பிங்கோ ஆட விடுங்கள். விடுமுறை நாளில் பகல் பத்து மணிக்கு, வெளியில்.