ஒன்பது வருடமாகப் பிடித்த மான் வேட்டை இப்போது சுமையாக இருக்கிறது. விட்டுவிடுவதா?

தம்பி என்றே எழுதுகிறேன். உங்களுக்கு 36 வயது என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு 52. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ஒன்டாரியோவில் இருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக நவம்பர் வந்தால் மான் வேட்டை. கடைசி இரண்டு பருவமும் பரணில் ஏறி இருந்துகொண்டு, எப்போது இருட்டும், எப்போது இறங்கலாம் என்றே நினைத்தீர்களாம். போன வருடம் பெரிய கொம்போடு ஆண் மான் ஒன்று முன்னால் வந்து நின்றபோதும் கை எழவில்லை. துவக்கை விற்றுவிடலாமா, இன்னும் ஒரு வருடம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்க வேண்டாம். ஆனால் இதுவரை போன மாதிரியே இன்னும் ஒரு வருடம் போவதும் வேண்டாம்.

நான் மான் சுட்டவன் இல்லை. இங்கே இலங்கையில் அது குற்றம். 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மானையோ மரையையோ சுட்டால் நீதிமன்றத்தில்தான் போய் நிற்க வேண்டும். வன்னியில் இருந்த என் பெரியப்பா அந்தக் காலத்தில் இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு போனவர் என்று கேள்வி. எனக்குத் தெரிந்த வேட்டை தூண்டில். எட்டு வயதில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் அப்பா பழக்கியது. நீங்கள் எழுதியதை வாசித்தபோது மானை எடுத்துவிட்டு மீனைப் போட்டால் அப்படியே என் கதை என்று பட்டது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேள்வியின் கடைசியில், போகிற போக்கில், இரண்டு வருடமாகக் களஞ்சியசாலையில் இரவு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. ஓயாத வேலை அழுத்தத்தில் ஆள் வற்றிப்போவதை ஆங்கிலத்தில் burnout என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்றுதான் வரையறுத்தது. உடம்பிலும் மனதிலும் பலம் வற்றிப்போவது, வேலையில் பற்று விட்டுப்போவது, என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். வேலையில் வற்றிய மனிதன் காட்டுக்குப் போனால் மட்டும் நிரம்பி வழிய மாட்டான். நித்திரை இல்லாமல் பரணில் ஏறி, மான் வரும் என்று ஆறு மணித்தியாலம் அசையாமல் இருப்பது அவனுக்கு இன்னொரு இரவு வேலைதான். உங்கள் அலுப்பில் ஒரு பங்கு வேட்டையுடையதே அல்ல என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. வேட்டை மட்டும்தான் ருசி கெட்டுப் போயிருக்கிறதா? சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, பழைய சினேகிதர்களின் பேச்சு எல்லாமே அப்படியா? எல்லாமே அப்படி என்றால், இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால், உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். அது வேறு விஷயம், அதற்கு மருத்துவம் இருக்கிறது. இலங்கையில் இருந்து இதை வாசிப்பவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

அப்படி இல்லை, வேட்டைதான் கசக்கிறது என்றால் என் கதையைக் கேளுங்கள்.

சண்டைக் காலத்தில் கடலுக்குக் கிட்டப் போவதே பயம். 2009க்குப் பிறகு பாதைகள் திறந்ததும் பைத்தியம் பிடித்த மாதிரிப் போனேன். பண்ணை, பொன்னாலை, தொண்டைமானாறு, புங்குடுதீவுப் பாலம் வரைக்கும். 2012இல் கொழும்பில் இருந்து நல்ல தடியும் சுருளும் எடுப்பித்தேன். அப்புறம் இன்னொன்று. பிறகு இரப்பரில் செய்த பொய்மீன்கள், நிறுத்துப் பார்க்கத் தராசு, நீளம் அளக்கப் பலகை. பிடித்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். படங்களைப் போட இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஆட்கள் சேர்ந்தார்கள். சனிக்கிழமை படம் வராவிட்டால் ஞாயிறு காலையில் "அண்ணை, இந்தக் கிழமை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் வெள்ளி இரவே எனக்கு நெஞ்சு கனக்கத் தொடங்கிவிடும். மழை பெய்தால் நல்லது என்று படுத்திருப்பேன்.

2019இல் ஒரு விடியற்காலை பெரிய கொடுவா ஒன்று பட்டது. என் வாழ்நாளில் பிடித்ததில் அதுதான் பெரிது. தண்ணீரை விட்டு வரும்போது அதன் பக்கம் முழுக்க வெள்ளி, முதுகில் பச்சை கலந்த ஒரு மினுக்கம், கண்ணில் செம்பொன் நிறத்தில் ஒரு சுடர். நான் போனைத் தடியில் சாய்த்து வைத்தேன், சரிந்தது. திரும்ப வைத்தேன். வெளிச்சம் பின்னால் இருந்தது, மீனைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய் நின்றேன். பாலத்தில் வழக்கமாக இருக்கும் வயதான ஐயா ஒருவர் தன் தூண்டிலில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மீன் வெளுத்துப்போச்சு, தம்பி."

குனிந்து பார்த்தேன். பச்சை போய்விட்டது. கண் மங்கிவிட்டது. அந்த நிறம் அதன் உடம்பில் இருந்த ஒன்றிரண்டு நிமிடமும் நான் அதைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்த மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இணையப் பக்கத்தை மூடி, தடிகளை உறையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

ஓய்வு எடுத்தால் ஆசை தானாகத் திரும்பும் என்று பலரும் சொல்வார்கள். எனக்குத் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, விரும்பினாலும் போக முடியாத காலம். ஒரு வருடத்துக்கு மேல் போகவில்லை. பிறகு ஒரு நாள் அதே தடி, அதே போன், அதே இடம் என்று போனேன். அரை மணித்தியாலத்தில் பழைய கனம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. ஓய்வு உடம்பைத்தான் ஆற்றியது. எதனால் கசந்ததோ அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2022 வந்தது. பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வள்ளங்கள் பல கரையிலேயே கிடந்தன. மீன் விலை கேட்டால் திரும்பி வர வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லை. அம்மாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு பின்னேரம் அப்பாவின் பழைய தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, தேடி எடுத்தேன், ஒரு போத்தலில் சுற்றி வைத்திருந்தார். முள்ளும் ஈயமும் ஐந்தாறு இறாலும் உமல் என்ற ஓலைப் பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு பண்ணைக்கு மிதித்தேன். போனில் சார்ஜ் இல்லை, மின்வெட்டு. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

கைத்தூண்டிலில் தடி இல்லை. தங்கூசி சுட்டுவிரலின் மேல் கிடக்கும், கடலடி முழுவதும் அந்த விரலில்தான் தெரியும். பேத்தை மீன் வந்தால் கொறிக்கும், இழுத்துப் பார்த்தால் இரை இருக்காது, சில வேளை முள்ளும் இருக்காது. நண்டு என்றால் யாரோ ஈரத்துணியைப் பிடித்து இழுப்பது போல ஒரு கனம். கிளக்கன் என்ற சிறு மீன் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டும், அடுத்த கணம் ஓட்டம். எட்டு வயதில் அப்பா என் விரலின் மேல் தன் விரலை வைத்து "இப்ப, இப்ப" என்று சொன்ன அந்த இரண்டு தட்டு. நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே விரலில் அது வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஆறு கிளக்கன், ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட வராது. அம்மா சொதி வைத்தார். இரண்டைப் பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்தேன். கொப்பியில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஏன் என்று யோசித்தேன், வாசித்தும் பார்த்தேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பகுதிக்கு, வரைந்தால் நாடா ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, வரைந்த பிறகு கொடுத்தார்கள். ஒன்றிரண்டு கிழமை கழித்துச் சான்றிதழ் இல்லாமல் சும்மா பேனையை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் வரைந்தார்கள். என் சான்றிதழ் அந்தப் படங்களுக்கு வந்த கைதட்டல். உங்களுடையது எது என்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காட்டில் ஆறு இடத்தில் கமரா கட்டி வைத்து, வேலை இடைவேளையில் படம் பார்த்து, எந்த மானுக்கு எத்தனை முனைக் கொம்பு என்று சினேகிதர்களோடு பட்டியல் போடுகிறீர்கள். நவம்பர் வருவதற்கு முன்பே உங்கள் வேட்டை போனில் நடந்து முடிந்துவிடுகிறது, தம்பி. பரணில் மிஞ்சுவது குளிர் மட்டும்தான்.

விஸ்கான்சினில் ஜாக்சன், நோர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேட்டைக்காரர்கள் பலரோடு பேசி, ஒருவர் கடந்துபோகும் ஐந்து கட்டங்களைச் சொன்னார்கள். முதலில் சுடுவதே போதும். பிறகு எத்தனை என்ற எண்ணிக்கை. மூன்றாவது பெரிய கொம்பு. நான்காவதில் எந்த முறையில் வேட்டையாடுகிறோம் என்பது முக்கியமாகிறது. கடைசியில் காட்டில் இருப்பதும் கூட வருபவர்களும் போதும் என்று ஆகிறது. நீங்கள் மூன்றாவதில் நிற்கிறீர்கள், உங்கள் மனம் மட்டும் முன்னால் போய்விட்டது என்பது என் எண்ணம். அந்த ஆண் மானுக்கு முன்னால் கை எழாததை நீங்கள் தோல்வி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு உயிரை எடுக்கும் நேரத்தில் மனம் இல்லாவிட்டால் கை எழாமல் இருப்பதுதான் சரி. நான் அந்தக் கொடுவாவோடு நின்ற இடத்தில் நீங்கள் நிற்கவில்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டீர்கள். அதை நினைத்து வெட்கப்படாதீர்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் செய்ததை உங்கள் காட்டுக்கு மாற்றிச் சொல்கிறேன். இந்த வருடம் கமராக்களைக் கழற்றுங்கள். எந்த மான் வரும் என்று தெரியாமல் போய் இருங்கள். பருவம் முழுக்க வேண்டாம், இரவு வேலை இல்லாத இரண்டு காலை போதும், அதற்கு முதல் நாள் நன்றாகப் படுத்து எழும்புங்கள். கொம்பில்லாத மானுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தால் அதையே எடுங்கள், இறைச்சிக்காக. ஒரு காலை துவக்கே இல்லாமல் போய் இருந்து பாருங்கள். காற்று எந்தப் பக்கம் இருக்கிறது, மான் எந்தப் பக்கத்தால் மணம் பிடிக்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பது, எனக்குக் கைத்தூண்டில் எப்படியோ அப்படி உங்களுக்கு இருக்கும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு முதன்முதலில் காட்டைக் காட்டியவர் யார் என்று எழுதவில்லை. அவர் இருந்தால் அவரோடு போங்கள். இல்லையென்றால் புதிதாகப் பழக வரும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மான் கிடைத்தால் பங்கு போடுங்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் தீபாவளிக்கு ஆடு அடித்தால் ஐந்தாறு வீடு சேர்ந்து பங்கு போடுவது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரியப்பாவின் வேட்டை பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வது அவர் என்ன சுட்டார் என்பதை அல்ல, எந்த வீட்டுக்கு எந்தப் பங்கு போனது என்பதைத்தான். என் ஆறு கிளக்கனில் அந்த இரண்டைக் கொடுத்ததுதான் அடுத்த பின்னேரமும் என்னைக் கடலுக்கு அனுப்பியது. ஆச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று "நாளைக்கும் போறியோ, மோனை?" என்று கேட்டார். போகாமல் எப்படி இருப்பது?

தடிகள் இன்னும் அலுமாரிக்கு மேல்தான். ஒன்றைத் தங்கச்சியின் மகன் கேட்டான், கொடுத்துவிட்டேன். அவனுக்குப் பதினொரு வயது, பெரிய மீன் பிடித்துப் படம் போட வேண்டும் என்று ஆசை. அது அந்த வயதுக்கு உரிய ஆசை, நான் தடுக்கவில்லை. ஆனால் போன சனிக்கிழமை தடியை வைத்துவிட்டு என் தங்கூசியைக் கொஞ்ச நேரம் கேட்டான். விரலில் போட்டுக் கொடுத்தேன். முதலில் பேத்தை இரையைத் தின்றது. இரண்டாவது தரம் திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தான், வாய் திறந்தபடி, ஒன்றும் சொல்லாமல். அவன் விரலுக்கு மேல் என் விரலை வைத்தேன்.