பீங்கான் கதவுக் குமிழ்கள்: கேள்வி பதில்

மேலூர்: தாத்தா வீட்டுக் கதவில் பூப்போட்ட வெள்ளைக் குமிழ் இருக்கிறது. பழையதுதானா?

பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தூரிகைத் தடம் தடித்தும் மெலிந்தும் ஓடினால் கையால் வரைந்தது. வரிசை பிசகாத பொடிப் புள்ளிகள் தெரிந்தால் இந்தக் காலத்து அச்சு. ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குமிழில் உள்ள தங்கக் கோடுகளைக் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சுக்கு மேலே வைத்துக் குறைந்த சூட்டில்தான் சுடுவார்கள். நார் பட்டால் போய்விடும். ஈரத்துணி போதும்.

திருமங்கலம்: குமிழ் ஆடுகிறது. பசை ஊற்றலாமா?

வேண்டாம். வெயிலில் பித்தளை விரியும் அளவுக்குப் பீங்கான் விரியாது, இறுக ஒட்டினால் விண்டுவிடும். கழுத்தில் பக்கவாட்டில் சின்னத் திருகு இருக்கும், முதலில் அதை முடுக்குங்கள்.

நத்தம்: நான் தச்சு வேலை செய்கிறவன். வழவழப்பான பீங்கானில் இரும்புத் தண்டு எப்படி நிற்கிறது அண்ணே?

நல்ல கேள்வி தம்பி. வாய் சிறுத்து, அடி அகன்ற குழியோடு குமிழைச் சுட்டெடுப்பார்கள். உலோகத்தை உருக்கி அதில் வார்த்தால் உறைந்தபின் வெளியே வராது. இதற்கு அமெரிக்காவில் 1841இல் காப்புரிமை கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1851இல் செல்லாது என்று தீர்ப்பானது. குமிழும் பழசு, குழியும் பழசு. மரத்துக்கும் உலோகத்துக்கும் பதில் மண்ணை வைத்தது கைதேர்ந்த வேலைக்காரர் செய்கிற காரியம், கண்டுபிடிப்பு ஆகாது என்றார்கள்.

அனுப்பானடி: தங்கக் கோடு மங்கிவிட்டது. புளி, சாம்பல் போடலாமா?

மேலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கூடாது.

நத்தம்: தீர்ப்பு அநியாயம் அண்ணே. மலிவாகவும் உறுதியாகவும் செய்து காட்டினால் அது கண்டுபிடிப்புதானே?

அந்த அமர்வில் உட்பரி என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டு, கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார். ஆனாலும் நான் பெரும்பான்மை பக்கம்தான். தேக்குக்குப் பதில் வேம்பில் கதவு போட்டவர், இனி வேறு யாரும் வேம்பைத் தொடக்கூடாது என்றால் உங்கள் பட்டறை என்ன ஆகும்?

தெப்பக்குளம்: ஜோடி என்ன விலை போகும்?

நான் விலை சொல்வதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, நாலு கடை ஏறி விசாரியுங்கள்.

நத்தம்: வேம்பும் மண்ணும் ஒன்றா அண்ணே? மண் சூளையில் சுருங்குமே, அளவு பிடிப்பது லேசா?

அது சரி. சுருக்கத்தைக் கணக்குப் பண்ணிக் குழியின் வாயைச் சரியாக எடுப்பது பெரிய கைவேலை, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கைவேலைக்குக் கூலி கேட்கலாம் தம்பி, ஏகபோகம் கேட்கக்கூடாது.